எட்டு மாத இடைவெளிக்குப் பிறகு டெட்லிஃப்ட்: ரோ பயிற்சியை எப்படிச் சேர்ப்பது?

மீண்டும்_83 (முதல் பதிவு)

வணக்கம். நாலு வருடமாக 83 கிலோ பிரிவில் பவர்லிஃப்டிங் (ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் என மூன்று வகையில் எடை தூக்கும் போட்டி) செய்கிறேன். போன வருடம் ஸ்குவாட்டின்போது கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. எட்டு மாதம் கம்பியைத் தொடவில்லை. மருத்துவரும் பிசியோவும் இனி தூக்கலாம் என்று சொன்ன பிறகு, ஆறு வாரத்துக்கு முன் மறுபடி ஆரம்பித்தேன்.

காயத்துக்கு முன் ஸ்குவாட் (கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 190 கிலோ, பெஞ்ச் (படுத்தபடி நெஞ்சிலிருந்து தள்ளுவது) 127.5, டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) 222.5. இன்றைக்கு 130, 97.5, 150. எடை குறைந்ததில் பெரிய வருத்தமில்லை. உறுத்துவது வேறு. டெட்லிஃப்டில் 140-ஐத் தாண்டினால் கம்பி முழங்காலுக்கு வருவதற்குள் காலை விட்டு விலகிவிடுகிறது. முன்பெல்லாம் டெட்லிஃப்ட் நாள் முடிந்தால் நீளச் சாக்ஸின் முன்பக்கம் முழுக்க, பிடிக்காகக் கையில் பூசும் சாக் பவுடர் தேய்ந்து வெள்ளைக் கோடாக இருக்கும். இப்போது சாக்ஸ் போட்டபடியே சுத்தமாக இருக்கிறது. பெஞ்சிலும் இதே கதைதான். கம்பி நெஞ்சில் ஒவ்வொரு ரெப்புக்கும் (ஒரு முறை இறக்கி ஏற்றுவது ஒரு ரெப்) ஒவ்வோர் இடத்தில் இறங்குகிறது.

மேல்முதுகுதான் காரணம் என்று நினைத்து, மூன்று வாரமாகப் பார்பெல் ரோ, அதாவது குனிந்து நின்று கம்பியை வயிற்றை நோக்கி இழுக்கும் பயிற்சி, செய்கிறேன். 70 கிலோ, 4 செட், 8 ரெப். டெட்லிஃப்டுக்கு முந்தின நாள். மேல்முதுகு களைப்பதற்கு முன்பே கீழ்முதுகு கல்லாக இறுகிவிடுகிறது. எந்த ரோ, எத்தனை, எந்த நாளில்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிளேட்

தம்பி, பதிலை நீங்களே எழுதிட்டீங்க. "டெட்லிஃப்டுக்கு முந்தின நாள்." அதை இன்னைக்கே நிறுத்துங்க.

குனிஞ்சு நின்னு ரோ பண்ணும்போது கம்பியை இழுக்கறது மேல்முதுகு. ஆனா அந்த நாலு செட்டும் உடம்பைக் குனிஞ்ச நிலையிலேயே தாங்கிப் பிடிச்சிருக்கறது கீழ்முதுகும் தொடைப் பின்தசையும். ஒரு செட் 30, 35 நொடி. நாலு செட்டுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல அசையாத தாங்கல். நல்லா இருக்கற முதுகுக்கு அது பயிற்சி. இப்பத்தான் குணமாகி வந்த முதுகுக்கு அது கடன். மறுநாள் டெட்லிஃப்டுல அந்தக் கடனை வட்டியோட கட்டறீங்க.

டெட்லிஃப்டைப் பக்கவாட்டுல இருந்து, கேமராவை இடுப்பு உயரத்துல வெச்சு ஒரு வீடியோ எடுத்துப் பாருங்க. முன்னாடி இருந்து எடுத்தா கம்பி விலகறது தெரியாது. எவ்வளவு விலகுதுன்னு சொல்லுங்க.

மீண்டும்_83

நன்றி அண்ணா. இன்று 145-இல் எடுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரும்போது கம்பிக்கும் காலுக்கும் நடுவே ஏறக்குறைய 5 செ.மீ. இடைவெளி. 120-இல் இடைவெளியே இல்லை.

பழைய பிளேட்

5 செ.மீ. சின்ன விஷயம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்க. 150 கிலோ கம்பி 5 செ.மீ. முன்னாடி போனா, இடுப்புல கூடுதலா விழற திருப்புவிசை சுமார் 73 நியூட்டன் மீட்டர். 15 கிலோ பிளேட்டை அரை மீட்டர் தள்ளி நீட்டிப் பிடிச்சா எவ்வளவோ, அவ்வளவு. அது முழுக்கக் காயம்பட்ட அதே இடத்துல போய் உக்காருது.

கம்பியைக் காலோட ஒட்டி வெச்சிருக்கறது யாரு? லாட்ஸ். அக்குளுக்குக் கீழ பின்பக்கமா விரிஞ்சு இடுப்பெலும்பு வரைக்கும் இறங்கற பெரிய தசை. அது மேற்கையை உடம்பை நோக்கிப் பின்னாடி இழுக்கும். தொங்கற கை முன்னாடி ஆடாம பிடிச்சு வெக்கறது அதோட வேலை. எட்டு மாசம் நீங்க எதையும் இழுக்கலை, அதனால அந்தப் பிடி தளர்ந்திருக்கு. கால் பலம் வேகமாத் திரும்பிடுச்சு, முதுகோட பிடி திரும்பலை. 120-ல ஒட்டி வர்ற கம்பி 145-ல விலகறது இதனாலதான்.

ரோ உங்களுக்கு வேணும். ஆனா கீழ்முதுகுக்கு வேலை வெக்காத ரோ வேணும். 30 டிகிரி சாய்ச்ச பெஞ்சுல நெஞ்சைப் பதிச்சுப் படுத்து ரெண்டு கையிலயும் டம்பெல். அவ்வளவுதான் முதல் மாசம்.

தோள்பட்டை

நான் பிசியோதெரபிஸ்ட், நானும் போட்டிகளில் தூக்குபவள். மேலே சொன்னதை ஆமோதிக்கிறேன். இதற்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் குழு 2009-இல் மூன்று ரோக்களை ஒப்பிட்டது: நின்று குனிந்து செய்யும் பார்பெல் ரோ, கம்பிக்குக் கீழே தொங்கி உடலையே இழுக்கும் இன்வெர்ட்டட் ரோ, நின்றபடி ஒரு கையால் இழுக்கும் கேபிள் ரோ. குனிந்து செய்யும் ரோவில் முதுகு முழுவதும் நன்றாக வேலை செய்தது. ஆனால் கீழ்முதுகெலும்பின் மீது விழுந்த சுமையும் அதில்தான் மிக அதிகம். இன்வெர்ட்டட் ரோவில் லாட்ஸும் மேல்முதுகும் மிகக் கடுமையாக வேலை செய்தன, முதுகெலும்புச் சுமையோ மூன்றிலும் குறைவு. ஒரு கை கேபிள் ரோவில் உடல் திரும்பிவிடாமல் தாங்குவதுதான் முக்கிய வேலை.

குனிந்து செய்யும் ரோ கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அது பின்னால் வர வேண்டியது. நீங்கள் அதை முதலிலேயே எடுத்துவிட்டீர்கள்.

வலியைப் பற்றி ஒன்று. பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை லேசான அசௌகரியம் இருந்து, 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு இதுதான். முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, மரத்துப்போவது, காலில் பலம் குறைவது இவை வந்தால் எடையைக் குறைத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

மூன்றே லிஃப்ட்

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. ஒன்றரை வருடம் ரோவைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். 80-இலிருந்து 120 வரை போனேன். டெட்லிஃப்ட் 5 கிலோ ஏறியது. பிறகு ரோவை விட்டுவிட்டு, முழங்காலுக்குக் கீழே ஒரு நொடி நிறுத்தும் பாஸ் டெட்லிஃப்ட் செய்தேன். நாலு மாதத்தில் 15 கிலோ. கம்பி விலகுகிறது என்றால் கம்பியை விலகாமல் தூக்கத்தான் பழக வேண்டும். உடம்பு எதைச் செய்கிறதோ அதில்தான் தேறும்.

நண்பருக்கு என் யோசனை: 110, 120 கிலோவில் பாஸ் டெட்லிஃப்ட். கம்பி ஒட்டி வரும் எடையில் நிறைய ரெப். ரோவுக்குச் செலவழிக்கும் நேரத்தை அங்கே போடுங்கள்.

பழைய பிளேட்

பாஸ் டெட்லிஃப்ட் நல்லது, அதை மறுக்கலை. உங்க 120 கிலோ ரோ எப்படி இருந்துதுன்னு மட்டும் கேக்கறேன். கம்பி வயித்தைத் தொட்டுதா, இல்லை வயிறு கம்பிகிட்ட போச்சா?

கிண்டலுக்குக் கேக்கலை. நானும் அந்த வழியாத்தான் வந்தேன். 100 கிலோவுக்கு மேல போனதும் முழங்கால் ஒரு உதை, இடுப்பு ஒரு உதறல், கம்பி மேல வந்துடும். நோட்டுல 120-ன்னு எழுதிக்கலாம். ஆனா லாட்ஸுக்கு 80 கிலோ வேலைதான் கிடைச்சிருக்கும், மிச்சம் 40 கீழ்முதுகு போட்ட வேலை. ரோவுல எடை ஏறறது வேற, ரோவால மேல்முதுகு ஏறறது வேற.

அப்புறம் இந்தத் தம்பியோட நிலைமை. அவரால வாரத்துக்கு ஒரு டெட்லிஃப்ட் நாள்தான் தாங்க முடியுது. நீங்க சொல்ற "நிறைய ரெப்"பை அந்த முதுகு இப்ப வாங்காது. அந்த அளவு வேலையை மேல்முதுகுக்கு மட்டும், கீழ்முதுகைத் தொடாம குடுக்கறதுக்குத்தான் சாய்வு பெஞ்ச். முதுகு முழுசா இருக்கறவரா இருந்தா உங்க பேச்சை நான் பாதிக்கு மேல ஒத்துப்பேன்.

மூன்றே லிஃப்ட்

உண்மையைச் சொல்கிறேன், இடுப்பு உதறல் இருந்தது. 100-க்கு மேல் நிச்சயமாக இருந்தது. அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. இருந்தாலும், ரோ மட்டும் போதாது, கம்பியோடு பழகவும் வேண்டும் என்பதில் நிற்கிறேன்.

தோள்பட்டை

இருவரும் சொல்வது ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ரோ தசையைக் கொடுக்கும், அந்தத் தசையை எந்த நொடியில் இறுக்குவது என்பதை டெட்லிஃப்ட்தான் கற்றுக்கொடுக்கும். என்னிடம் வருபவர்களுக்கு நான் கொடுக்கும் ஒரு பயிற்சி: 60 கிலோ கம்பியின் நடுவில் ஒரு ரப்பர் பேண்டைக் கட்டி, மறுமுனையை முன்னால் இருக்கும் ரேக்கின் (கம்பியைத் தாங்கும் சட்டத்தின்) காலில் மாட்டுங்கள். பேண்ட் கம்பியை முன்னால் இழுக்கும், நீங்கள் அதைக் காலோடு ஒட்டியே மேலே கொண்டுவர வேண்டும். அக்குளில் செய்தித்தாளை இடுக்கிக்கொண்டு நடப்பது போன்ற இறுக்கம் வரும். 5 ரெப், 3 செட், டெட்லிஃப்டுக்கு முந்தைய வார்ம்-அப்பில். 60 கிலோ என்பதால் முதுகுக்குப் பெரிய சுமை கிடையாது.

வெள்ளைச்சுண்ணம்

இன்வெர்ட்டட் ரோ பற்றி அக்கா சொன்னதால் என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். குழந்தை பிறந்து, மருத்துவர் அனுமதி தந்த பிறகு நான் முதலில் செய்த இழுப்புப் பயிற்சி அதுதான். ரேக்கில் கம்பியை நெஞ்சு உயரத்தில் வைத்து, உடம்பைக் கொஞ்சமே சாய்த்து ஆரம்பித்தேன். 8 ரெப் மூன்று செட் சுலபமானால் கம்பியை ஒரு துளை கீழே இறக்குவேன். அவ்வளவுதான் கணக்கு. ரேக்கின் துளைகளே என் நோட்டுப் புத்தகம். பதினொரு வாரத்தில் ஒன்பது துளை இறங்கினேன், கடைசியில் உடம்பு தரைக்கு இணையாக வந்தது.

எடை போடாத பயிற்சி என்பதால் பலர் இதைச் சீண்டுவதில்லை. பெஞ்ச் பிரஸ்ஸைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான். அதே கம்பி, அதே கை அகலம், அதே இடத்தில் நெஞ்சு தொட வேண்டும். என் பெஞ்சில் கம்பி ஒரே இடத்தில் இறங்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான்.

மீண்டும்_83

எல்லோருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்.

திங்கள் ஸ்குவாட், அதன் பிறகு சாய்வு பெஞ்சில் நெஞ்சு பதித்து டம்பெல் ரோ, 3 செட் 12. புதன் பெஞ்ச், அதன் பிறகு இன்வெர்ட்டட் ரோ, 3 செட் 8. வெள்ளி டெட்லிஃப்ட், முன்னால் பேண்ட் பயிற்சி, 120-இல் பாஸ் டெட்லிஃப்ட் 3 செட் 3. சனி லேசான பெஞ்ச், மறுபடி சாய்வு பெஞ்ச் ரோ. குனிந்து செய்யும் ரோ இப்போதைக்குக் கிடையாது.

டம்பெல் எவ்வளவு எடையில் ஆரம்பிக்கலாம்?

பழைய பிளேட்

திட்டம் சரி. கைக்கு 17.5 கிலோ. குறைவுன்னு தோணும். மேல ஒரு முழு நொடி நிறுத்தணும், அப்ப தெரியும் அது குறைவா இல்லையான்னு. 12, 12, 12 வந்தா அடுத்த முறை 2.5 கிலோ ஏத்துங்க. வரலைன்னா அதே எடை. எந்த செட்டையும் இன்னும் ரெண்டு ரெப் கையில இருக்கும்போதே நிறுத்துங்க.

ஒரு சோதனை சொல்றேன். நெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல ஒரு மெல்லிசு துண்டை மடிச்சு வெச்சுக்கங்க. செட் முடியறதுக்குள்ள துண்டு நழுவிக் கீழ விழுந்தா நீங்க நெஞ்சைத் தூக்கி இழுத்திருக்கீங்கன்னு அர்த்தம். அந்த ரெப் கணக்குல வராது.

முழங்கையைத் தோளுக்கு நேரா அகலமா விரிக்காதீங்க. கால்சட்டையோட பின்பாக்கெட்டை முழங்கையால தொடப் போற மாதிரி கீழ்நோக்கி இழுங்க. அகலமா விரிச்சா பின் தோளுக்கும் தோள்பட்டை எலும்புக்கு நடுவுல இருக்கற தசைக்கும் போகும், அதுவும் வேணும்தான், ஆனா உங்க பிரச்சினை லாட்ஸ்.

புதுக்கம்பி

அண்ணா, நான் புதுசு. எங்க ஜிம்ல ரோயிங் மெஷின் இருக்கு, துடுப்புப் போடற மாதிரி. அதைத் தினம் 20 நிமிஷம் பண்ணா இதே பலன் கிடைக்குமா? லீவரை 10-ல வெச்சுத்தான் பண்றேன்.

பழைய பிளேட்

பேர் ஒண்ணு, வேலை வேற. நிமிஷத்துக்கு 24 இழுப்புன்னு வெச்சாலும் 20 நிமிஷத்துல 480 இழுப்பு. 480 தடவை பண்ண முடியற எதுவும் பலத்தை ஏத்தற பயிற்சி இல்லை, அது நெஞ்சுத் திராணிக்கு. அதுல பாதிக்கு மேல காலோட வேலைதான். கான்செப்ட்2 மாதிரி மெஷின்ல அந்த 1 முதல் 10 வரைக்கும் இருக்கற லீவர், சக்கரக் கூட்டுக்குள்ள காற்று எவ்வளவு போகணும்ங்கறதைத்தான் மாத்துது. 10-ல வெச்சாப் பலம் அதிகம் வரும்னு இல்லை. 3, 4-ல வெச்சு செட்டுக்கு நடுவுல மூச்சு வாங்காத அளவுக்குத் திராணி ஏத்திக்கங்க, அதுக்கு நல்ல மெஷின். முதுகு காயம் உள்ளவங்க களைச்சு வளைஞ்ச முதுகோட அதுல நூத்துக்கணக்குல இழுக்க வேண்டாம்.

மீண்டும்_83 (நான்காம் வாரம்)

சாய்வு பெஞ்ச் ரோ கைக்கு 22.5 கிலோ, 12, 12, 11. முதல் நாள் 17.5-இலேயே ஒன்பதாவது ரெப்பில் துண்டு விழுந்தது. இப்போது விழுவதில்லை. இன்வெர்ட்டட் ரோ முழங்கால் மடித்த நிலையில் 3 செட் 10.

பெரிய மாற்றம் கீழ்முதுகில். வெள்ளிக்கிழமை டெட்லிஃப்டுக்கு வரும்போது இறுக்கம் இல்லை. 155-இல் 3 ரெப் போனது. இடைவெளி குறைந்திருக்கிறது, வீடியோவில் 3 செ.மீ. இருக்கும். எட்டு மாதம் விட்டதை எட்டு மாதம் கழித்துத்தான் பிடிக்க முடியுமோ என்ற பயம் இருந்தது. அதைவிட வேகமாகவே திரும்புகிறது.

தோள்பட்டை

அப்படித்தான் ஆகும். பின்லாந்தின் யிவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2024-இல் வந்தது. ஒரு குழு 20 வாரம் தொடர்ந்து எடைப் பயிற்சி செய்தது. இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் முழுக்க விட்டு, மறுபடி 10 வாரம் செய்தது. முடிவில் இரு குழுவின் பலமும் தசை அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். இடைவெளியில் தசையின் அளவு குறைந்த அளவுக்குப் பலம் குறையவில்லை. திரும்பி வந்த முதல் சில வாரங்களில் இழந்தது வேகமாக மீண்டது. உங்களுடையது காயத்தோடு வந்த நீண்ட இடைவெளி, அதனால் அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் தசை தான் பழகியதை எளிதில் மறப்பதில்லை.

இதில்தான் நான் எச்சரிக்க வேண்டியதும் இருக்கிறது. தசை திரும்பும் வேகத்தில், அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் திரும்பாது. பலம் வந்துவிட்டது என்று நம்பி எடையை ஏற்றும்போது முழங்கையும் தோளும்தான் முதலில் முனகும்.

மீண்டும்_83 (ஆறாம் வாரம்)

அக்கா, நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. வலது முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வலி. பாட்டில் மூடியைத் திருகும்போது தெரிகிறது. இந்த இரண்டு வாரமாக இன்வெர்ட்டட் ரோவை உள்ளங்கை என்னைப் பார்த்தபடி பிடித்துச் செய்தேன், அதில் ரெப் அதிகம் வந்ததால். அதுதான் காரணமா?

தோள்பட்டை

பெரும்பாலும் அதுவும், முதுகில் தாழ்வாகக் கம்பி வைக்கும் உங்கள் ஸ்குவாட்டும் சேர்ந்து. மணிக்கட்டை மடக்கும் தசைகள் எல்லாம் அந்த உள்முனையில்தான் வந்து சேர்கின்றன. கம்பியை உள்ளங்கை மேல்நோக்கிப் பிடித்தால் மணிக்கட்டு கம்பியின் நேர்கோட்டில் பூட்டிக்கொள்ளும், திரும்ப இடமே இருக்காது. டம்பெல்லையோ கைப்பிடி வளையத்தையோ உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடியுங்கள், மணிக்கட்டு தனக்கு வேண்டிய கோணத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். ஸ்குவாட்டில் கையை ஒரு விரல் அகலம் வெளியே நகர்த்துங்கள். இரண்டு வாரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றே லிஃப்ட்

உள்ளங்கை மேல்நோக்கிய பிடியில் கனமான ரோ செய்தால் பைசெப்ஸும் (மேற்கையின் முன்தசை) கவனம். 1992 முதல் 1997 வரை ஆறு முறை மிஸ்டர் ஒலிம்பியா உடற்கட்டுப் போட்டியை வென்ற டோரியன் யேட்ஸ் அந்தப் பிடியால் பேர் பெற்றவர், யேட்ஸ் ரோ என்றே அதைச் சொல்கிறார்கள். 1994-இல் அந்தப் பிடியில் ரோ செய்யும்போதுதான் அவருடைய இடது பைசெப்ஸ் கிழிந்தது.

கூடவே ஒரு கேள்வி. ரோவில் ஸ்ட்ராப் (மணிக்கட்டையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றும் பட்டை) போடலாமா? போட்டியில் ஸ்ட்ராப் கிடையாது என்பதால் நான் எதிலும் போடுவதில்லை.

பழைய பிளேட்

போடலாம். ரோ மேல்முதுகுக்காகப் பண்றது. பத்தாவது ரெப்புல விரல் திறந்துட்டா மேல்முதுகு வேலை அங்கேயே நின்னு போகும். முதல் செட் வெறும் கை, கடைசி ரெண்டு செட் ஸ்ட்ராப், இது என் வழக்கம். டெட்லிஃப்டுக்கு மட்டும் கையாலதான். முழங்கை வலி இருக்கற இந்த நேரத்துல தம்பி எல்லா செட்டுக்கும் ஸ்ட்ராப் போடட்டும், முன்னங்கைக்கு ஓய்வு கிடைக்கும்.

புதுசா வர்றவங்க பலர் க்ராக் ரோ கேக்கறாங்க. அமெரிக்கப் பவர்லிஃப்டர் ஜேனே க்ராக் பேர்ல வந்தது, ரொம்பக் கனமான டம்பெல்லை ஒரு கையால 20 ரெப்புக்கு மேல, உடம்பைக் கொஞ்சம் ஆட்டியே இழுக்கறது. பிடிக்கும் மேல்முதுகுக்கும் அருமையான பயிற்சி. காயத்துல இருந்து திரும்பறவங்களுக்கு இல்லை.

மீண்டும்_83 (எட்டாம் வாரம்)

பிடியை மாற்றிய பத்து நாளில் முழங்கை வலி போய்விட்டது. சாய்வு பெஞ்ச் ரோ கைக்கு 27.5 கிலோ, 4 செட் 9. பெஞ்ச் பிரஸ் 110-இல் 3 ரெப். கம்பி இறங்கும் இடம் இப்போது நிலையாக இருக்கிறது. நண்பர் ஒருவரைப் போட்டி நடுவர் மாதிரி, கம்பி நெஞ்சில் நின்ற பிறகு "பிரஸ்" சொல்ல வைத்துத்தான் செய்கிறேன். அவர் வேண்டுமென்றே தாமதித்தாலும் கம்பி நெஞ்சில் ஆடாமல் நிற்கிறது.

குனிந்து செய்யும் ரோவுக்கு இப்போது போகலாமா?

பழைய பிளேட்

போகலாம், பெண்ட்லே ரோவா. அமெரிக்க வெயிட்லிஃப்டிங் பயிற்சியாளர் க்ளென் பெண்ட்லே பேரால வழங்கறது. ஒவ்வொரு ரெப்பும் தரையில இருந்து ஆரம்பிச்சுத் தரையிலேயே முடியும். ரெப்புக்கு ரெப் முதுகுக்கு ஒரு நொடி இளைப்பாறல் கிடைக்கும், மூச்சை மறுபடி இழுத்து வயித்தை இறுக்கிக்கலாம். தொடர்ந்து தொங்கவிட்டுப் பண்றதைவிட உங்களுக்கு இது பொருத்தம். டெட்லிஃப்ட் தொடங்கற நிலைக்கும் பக்கம்.

ஒண்ணு கவனிங்க. 20 கிலோ பிளேட்டோட விட்டம் 45 செ.மீ. அதனால கம்பி தரையில இருந்து 22.5 செ.மீ. உயரத்துல நிக்கும். உங்க ஆரம்ப எடை 60, அதுக்கு 20 கிலோ கம்பியில பக்கத்துக்கு ஒரு 20 கிலோ பிளேட் போதும், உயரம் சரியா இருக்கும். வார்ம்-அப்புல சின்ன பிளேட் போடறப்போ கம்பி தாழ்ந்துடும், முதுகு வளைஞ்சாத்தான் கை எட்டும். அப்ப பிளேட்டுக்குக் கீழ கட்டை வெச்சு அதே உயரத்துக்குக் கொண்டு வாங்க. நிறைய பேருக்கு வார்ம்-அப்புலயே முதுகு பிடிக்கறது இதனாலதான்.

4 செட் 6 ரெப், வாரத்துக்கு ஒரு தடவை, திங்கள் ஸ்குவாட் முடிஞ்சு. வியாழன் பக்கம் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை சாய்வு பெஞ்சை விட்டுடாதீங்க.

வெள்ளைச்சுண்ணம்

பெண்ட்லே ரோவில் நான் முதலில் செய்த தவறு: கம்பி எங்கே தொடுகிறது என்று பார்க்கவில்லை. மேல் நெஞ்சில் தொட்டுக்கொண்டிருந்தேன், தோள்தான் வலித்தது. விலா எலும்பு முடிந்து வயிறு ஆரம்பிக்கும் இடத்தில் தொடும்படி மாற்றிய பிறகுதான் அக்குளுக்குக் கீழே வேலை செய்வது தெரிந்தது.

மீண்டும்_83 (பதின்மூன்றாம் வாரம்)

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ட்லே ரோ 60-இல் ஆரம்பித்து, போன திங்கள் 77.5-இல் 4 செட் 6. சாய்வு பெஞ்ச் ரோ கைக்கு 30. ஸ்குவாட் 165, பெஞ்ச் 117.5. நேற்று டெட்லிஃப்ட் 190, ஒரே ரெப், இன்னும் இரண்டு ரெப்புக்குத் தெம்பு மிச்சம் இருந்தது. பழைய 222.5-க்கு இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் வீடியோவில் கம்பியையும் காலையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மூன்றே லிஃப்ட்

மனதார வாழ்த்துகள். ஒன்று மட்டும் நேர்மையாகக் கேட்கிறேன். டெட்லிஃப்ட், பாஸ் டெட்லிஃப்ட், பேண்ட் பயிற்சி எல்லாமும் செய்தீர்கள், காயமும் ஆறிக்கொண்டிருந்தது. இதில் ரோவின் பங்கு என்று எதைச் சொல்வீர்கள்?

மீண்டும்_83

நியாயமான கேள்வி. 40 கிலோவில் ரோ கொடுத்தது இத்தனை கிலோ என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பாஸ் டெட்லிஃப்ட் இல்லாமல் இது நடந்திருக்காது, அதற்கு நன்றி. ஆனால் பத்தாம் வாரம் வேலை காரணமாக வெள்ளிக்கு முந்தைய ரோ நாட்கள் இரண்டும் தவறின, டெட்லிஃப்ட் மட்டும் வழக்கம் போலச் செய்தேன். 175-இல் இரண்டாவது ரெப்பில் கம்பி மறுபடி விலகியது. அடுத்த வாரம் ரோ திரும்பியது, அதே 175 ஒட்டி வந்தது. ஒரே ஒரு வாரம்தான், தூக்கக் குறைவும் இருந்தது, அதனால் இதைச் சான்று என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நான் இனி ரோவை விடமாட்டேன்.

நேற்று வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றும்போது பார்த்தேன். இரண்டு காலிலும் முன்பக்கம் கணுக்காலுக்கு மேலிருந்து முழங்கால் வரை வெள்ளைக் கோடு. இடது காலில் கம்பியின் சொரசொரப்பு பட்டு நூல் பிரிந்திருந்தது. அதைத் துவைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

அண்ணா, திங்கட்கிழமை பெண்ட்லே ரோவை 80-க்கு ஏற்றலாமா?

பழைய பிளேட்

ஏத்துங்க தம்பி. 6 வேண்டாம், 5 ரெப். தரையை விட்டுக் கம்பி கிளம்பும்போது இடுப்பு மேல எழும்பினா அந்த செட் அங்கேயே முடிஞ்சுது, 77.5-க்குத் திரும்பிடுங்க. பக்கவாட்டுல வீடியோ எடுத்துப் போடுங்க, பார்க்கறேன்.